அவுஃபா, அவுஸா? உச்சரிப்புப் பயிற்சிக்குக் கட்டளை வரியில் குரல் பதிய எது ஏற்றது

அக்கா மகள் நர்ஸிங் முடித்துவிட்டு ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே மருத்துவமனை வேலைக்குப் பெரும்பாலும் பி2 நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். இலக்கணம் பிடிபட்டுவிட்டது, சொற்களும் சேர்ந்துவிட்டன. வாய்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஒருத்திக்கு எத்தனை தடவை வாய் திறக்க வாய்ப்புக் கிடைக்கும்? "வீட்டிலேயே பழக ஏதாவது செய்து கொடுங்கள் மாமா" என்றாள்.

செய்து கொடுத்தது பெரிய மென்பொருள் ஒன்றுமில்லை. லினக்ஸில் ஓடும், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த நாற்பது வரி ஸ்கிரிப்ட். திரையில் ஒரு சொல் தோன்றும். ஜெர்மானியர் ஒருவர் அதைச் சொல்வது முதலில் ஒலிக்கும். (விக்கிமீடியா பொதுவகத்தில் ஜெர்மன் உச்சரிப்புக் கோப்புகள் கொட்டிக் கிடக்கின்றன.) அடுத்து அவள் சொல்வது பதிவாகும். பிறகு இரண்டு குரல்களும் அடுத்தடுத்து ஒலிக்கும். காதே நீதிபதி. மொத்தம் 300 சொற்கள்.

இதற்கு ஆடாசிட்டி போன்ற, சுட்டியால் இயக்கும் ஒலிப்பதிவு மென்பொருள் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு பதிவுக்குப் போதும். 300 பதிவுக்குப் பதிவு பொத்தான், நிறுத்து பொத்தான், கோப்புக்குப் பெயர், சேமி என்று சுட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஜெர்மன் வராது, மணிக்கட்டு வலிதான் வரும். கட்டளையை எழுத்தில் கொடுத்து இயக்கும் கட்டளை வரி என்றால் என்டர் விசை ஒன்று போதும்.

ஸ்கிரிப்டின் மற்ற 39 வரிகளை ஒரே மாலையில் எழுதி முடித்தேன். 'அவள் பேசுவதைப் பதி' என்ற ஒற்றை வரி ஒரு வாரத்தைத் தின்றது. அந்த ஒரு வரிக்கு லினக்ஸில் ஐந்து பேர் போட்டி போடுகிறார்கள்: ஏரெக்கார்டு, பிஏரெக்கார்டு, பிடபிள்யூ-ரெக்கார்டு, சாக்ஸ் என்ற ஒலிக் கருவியுடன் சேர்ந்து வரும் ரெக், பிறகு எஃப்எஃப்எம்பெக். எல்லாரும் அதே மைக்கிலிருந்து அதே ஒலியைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே 'எதில் ஒலித்தரம் உயர்வு' என்று கேட்பதில் பொருள் இல்லை. நாம் ஒன்றும் சொல்லாதபோது அது என்ன செய்கிறது, எப்போது தொடங்குகிறது, எப்போது நிறுத்துகிறது, ஸ்கிரிப்டுக்குள் வைத்தால் பக்கத்தில் இருப்பவற்றோடு சண்டை போடுகிறதா? தேர்வு இந்த இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் எடுத்தது ஏரெக்கார்டு. காரணம் எளிது. அல்சா கருவித் தொகுப்புடன் வருவதால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கும். அல்சா என்பது லினக்ஸ் கருவகத்தின் (கெர்னல்) ஒலி அடுக்கு. யாரோஸ்லாவ் கிசேலா 1998இல் தொடங்கிய பணி அது. பழைய ஓஎஸ்எஸ் முறையை ஓரங்கட்டிவிட்டு, கருவகத்தின் 2.6 பதிப்புக் காலத்தில் நிலைபெற்றது. கட்டளையின் பெயரையும் கோப்பின் பெயரையும் எழுதினேன், பதிவானது, ஒலித்தது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

அன்று மாலையே அவள் கூப்பிட்டாள்.

"மாமா, இதில் நான் சொன்னது அவுஃபா, அவுஸா?"

கேட்டேன். தெரியவில்லை. அடுத்ததைப் போட்டாள். அதுவும் அப்படியே. 'அவு' என்று தெளிவாகக் கேட்கிறது, அதன் வாலில் ஏதோ ஒரு காற்று. ஜெர்மனில் இது சின்ன விஷயம் இல்லை. வினைச்சொல்லோடு 'அவுஃப்' சேர்ந்தால் திறப்பது, 'அவுஸ்' சேர்ந்தால் அணைப்பது. ஜன்னலைத் திற, விளக்கை அணை என்று ஒரு நர்ஸ் நாள் முழுவதும் சொல்லவேண்டிய சொற்கள். தன் நாக்கில்தான் கோளாறு என்று அவள் முகம் வாடிவிட்டது. ஜெர்மானியரின் குரலில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதே!

கோளாறு நாக்கில் இல்லை. 'ஃபைல்' என்ற கட்டளையால் அந்தக் கோப்பை விசாரித்தபோது விடை ஒரே வரியில் வந்தது: 8 பிட், மோனோ, 8000 ஹெர்ட்ஸ். ஏரெக்கார்டுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் இயல்பு அமைப்பு இதுதான். பழைய தொலைபேசியின் தரம்.

வினாடிக்கு 8000 முறை ஒலியை அளந்து மாதிரிகள் எடுத்தால் அதில் பாதி, அதாவது 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் கோப்பில் நிற்கும். உயிரெழுத்துகளுக்கு அது போதும். மூக்கொலிகளுக்கும் பெரும்பாலும் போதும். 'ஸ்' அப்படியில்லை. அதன் சீறலின் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 'ஃப்' ஒலியோ வலுவில்லாமல் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடப்பது. மேல்பாதியை வெட்டி எறிந்தால் இரண்டிலும் மிஞ்சுவது ஒரே மாதிரியான மெல்லிய காற்றுதான். அந்தக் காலத் தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது 'எஸ் ஃபார் சுகர், எஃப் ஃபார் ஃபாதர்' என்று கத்தினோமே, அதற்கும் இதுவே காரணம். தொலைபேசி வழியில் போனது ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான்.

இங்கே ஒரு கிளைச் செய்தி. இதே ஸ்கிரிப்டைத் தமிழ் ழகர, ளகரப் பயிற்சிக்கு வைத்திருந்தால் இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது. ழகரத்தைக் காட்டிக்கொடுக்கும் மூன்றாம் ஒத்ததிர்வுப் பட்டை (வாயறையில் வலுப்பெறும் அதிர்வெண்களில் மூன்றாவது) கீழே இறங்கி வந்து, 3000 ஹெர்ட்ஸுக்குள்ளேயே நிற்கும். 8000 மாதிரி வீதத்திலும் 'வாழை' 'வாளை' ஆகிவிடாது. எந்த ஒலியைப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தே மாதிரி வீதம் போதுமா, போதாதா என்பது தெரியும். 'எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது' என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பிவிடக் கூடாது.

ஏரெக்கார்டைத் திருத்துவது எளிது, கட்டளையோடு சில குறிகளைச் சேர்த்தால் போதும். மாதிரி வீதத்துக்குச் சிறிய எழுத்து ஆர் குறிக்குப் பின் 16000, தடங்களின் எண்ணிக்கைக்கு சி குறிக்குப் பின் 1, எஃப் குறிக்குப் பின் 16 பிட் வடிவத்தின் பெயர். 8 பிட்டில் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்க 256 படிகள்தான், 16 பிட்டில் 65,536. பின்னணியில் வந்த 'கரகர' இதிலேயே பாதி போய்விட்டது. கையேட்டைப் பார்த்து எஃப் குறிக்குப் பின் 'சிடி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது 44,100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவாகப் பதியும். ஒற்றை மைக்கில் ஒற்றைக் குரலுக்கு ஸ்டீரியோ எதற்கு? ஐந்து வினாடிப் பதிவு 16,000 ஹெர்ட்ஸ் மோனோவில் 1,60,000 பைட். சிடி அமைப்பில் 8,82,000 பைட். 300 சொல்லுக்கு 48 எம்பி எங்கே, 264 எம்பி எங்கே.

ஏரெக்கார்டில் எனக்குப் பிடித்த குறி டி. அதற்குப் பின் 4 என்று எழுதினால் நான்கு வினாடியில் தானே நிறுத்திக்கொள்ளும். பிடிக்காதது சாதனப் பெயர் விவகாரம். பெரிய எழுத்து டி குறியால் மைக்கைச் சுட்டவேண்டும். அங்கே 'எச்டபிள்யூ' என்று தொடங்கினால் நேரே வன்பொருளோடு பேசும். அந்த மைக்குக்கு 48,000 மட்டுமே தெரியும் என்றால் நாம் கேட்ட 16,000 கிடைக்காது, எச்சரிக்கைதான் கிடைக்கும். 'பிளக்எச்டபிள்யூ' என்று எழுதினால் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து மாதிரி வீதத்தையும் தடங்களையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். இந்த நான்கெழுத்து வித்தியாசம் தெரியாமல் நல்ல மைக்கைக் கெட்டுப்போனது என்று பெட்டிக்குள் வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

கணினி மைக்குக்குக் கொடுக்கும் ஒலி அட்டை எண்ணையும் நம்பக் கூடாது. நேற்று 1 ஆக இருந்த யுஎஸ்பி ஹெட்செட் இன்று கணினியை மறுபடி தொடங்கியதும் 2 ஆகிவிடலாம். சிறிய எல் குறி கொடுத்தால் வரும் பட்டியலில் அட்டைக்கு ஒரு பெயரும் இருக்கும். எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை எழுதிவிட்டால் தலைவலி இல்லை. இன்னொன்று: நேரே வன்பொருளைப் பிடிக்கும்போது உலாவியில் ஆன்லைன் வகுப்பு திறந்திருந்தால், சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்று ஏரெக்கார்டு கையை விரித்துவிடும்.

அந்தச் சண்டையைத் தீர்க்கவே, ஒலிச் சாதனத்தைப் பல நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் மேலடுக்குகள் வந்தன. லென்னார்ட் பாட்டரிங் உருவாக்கிய பல்ஸ்ஆடியோ 2007, 2008 வாக்கில் ஃபெடோரா, உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இடம்பிடித்தது. அதன் பதிவுக் கருவி பிஏரெக்கார்டு. அதற்குப் பின் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் 2021இல் ஃபெடோரா 34இலும், அடுத்த ஆண்டு உபுண்டு 22.10இலும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதன் கருவி பிடபிள்யூ-ரெக்கார்டு. பைப்வயர் ஓடும் கணினியிலும் பிஏரெக்கார்டு பெரும்பாலும் வேலை செய்யும். பழைய ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், புதிதாக எழுதுகிறவர் அதைத் தேடிப் போகத் தேவையில்லை.

பிடபிள்யூ-ரெக்கார்டின் நற்குணம் அதன் இயல்பு அமைப்பு: 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. சோம்பேறியாகப் பதிந்தாலும் 'ஸ்' பிழைத்துக்கொள்ளும். தடத்தை 1 ஆக்கிவிட்டால் போதும். திரையின் ஒலி அமைப்புகளில் எந்த மைக்கைத் தேர்ந்திருக்கிறோமோ அதையே தானும் எடுத்துக்கொள்ளும், வகுப்பு ஓடிக்கொண்டிருந்தாலும் பகிர்ந்துகொள்ளும். குறை ஒன்று. இத்தனை வினாடியில் நிறுத்து என்று சொல்ல நான் பயன்படுத்தும் பதிப்பில் வழியில்லை. 'டைம்அவுட்' கட்டளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். அப்போதும் நிறுத்தும் சைகையாக, கன்ட்ரோல்-சி அழுத்தினால் போகும் அதே சைகையை அனுப்பச் சொல்லிவிடுவது நல்லது. கொன்றுபோடும் சைகையை அனுப்பினால் வேவ் கோப்பின் தலைப்பில் நீளம் எழுதப்படாமல் நின்றுவிடும், பிறகு பிளேயர்கள் முறைக்கும்.

இதற்கிடையில் மைக் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் புளூடூத் ஹெட்செட் இந்த வேலைக்கு உதவாது. பாட்டுக் கேட்கும்போது அது ஒரு முறையில் ஓடுகிறது. மைக்கைத் திறந்த கணத்திலேயே அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. அழைப்பு முறையில் ஒலியைச் சுருக்கும் குறியாக்கம் பழைய சிவிஎஸ்டி என்றால் 8000 ஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி என்றால் 16,000. நம் குரல் மட்டும் இல்லை, அவள் கேட்டுப் பழகவேண்டிய ஜெர்மானியர் குரலும் அதே குழாய்க்குள் இறங்கிவிடும். கம்பியுள்ள ஒரு சாதாரண ஹெட்செட் இதைவிட மேல். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், கன்னத்தோரம் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். 'ப', 'ஃப' சொல்லும்போது வரும் காற்று நேரே மோதினால் பதிவில் 'டப்' என்று ஓர் அடி விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சென்னை மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனாலும் ஒரு சொல்லுக்கு நான்கு வினாடிதானே.

சாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரத்தில் நான்கு நாட்கள் போனது இங்கேதான், கோபத்தோடும் காதலோடும். 1991இல் லான்ஸ் நார்ஸ்காக் தொடங்கிய கருவி. ஒலி வேலைகளுக்கான சுவிஸ் ராணுவக் கத்தி என்று தன்னையே சொல்லிக்கொள்ளும், பொய்யும் இல்லை. கடைசி அதிகாரப்பூர்வ வெளியீடு 14.4.2, 2015இல் வந்தது. பழசு என்று ஒதுக்கவேண்டாம். வெட்ட, ஒட்ட, வீதம் மாற்ற, உரப்பு ஏற்ற இன்றும் அதற்கு ஈடு அதுதான்.

அதன் 'ரெக்' கட்டளையோடு 'சைலன்ஸ்' என்ற விளைவைச் சேர்த்தால் ஒரு மாயம் நடக்கும். ஒலி வந்தால் தானே பதியத் தொடங்கும், பேச்சு ஓய்ந்தால் தானே நிறுத்தும். நேரக் கணக்கே வேண்டாம். பழக்கத்தில் உள்ள அமைப்பு இது: ஒலியளவு 1 சதவீதத்துக்கு மேல் 0.1 வினாடி நீடித்தால் தொடங்கு, 1 சதவீதத்துக்குக் கீழே 1 வினாடி நின்றால் நிறுத்து. உச்சரிப்பு மென்பொருளுக்கென்றே செய்தது போல இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தொல்லை என்டர் விசை. அவள் விசையைத் தட்டிய சத்தமே ஒலியாகப் பதிவாகி, அவள் மூச்சை இழுத்துப் பேசத் தயாராவதற்குள் ஒரு வினாடி மௌனம் கடந்து பதிவு முடிந்துவிட்டது. தொடக்க நேரத்தை 0.1இலிருந்து 0.2 ஆக்கியதும் விசைச் சத்தம் அடங்கியது. குறுகிய வெடிப்புகளை மௌனமாகக் கருதவே அந்த எண் இருக்கிறது.

இரண்டாவது தொல்லை நுட்பமானது. 'ஹவுஸ்' என்றால் வீடு. சொல்லின் தலையில் வரும் 'ஹ' வெறும் மூச்சு. மைக்கிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் 1 சதவீதத்தைக்கூடத் தொடாது. சாக்ஸ் அதை மௌனம் என்று எண்ணி வெட்டிவிட்டு, உயிரொலி வந்ததும் தொடங்கியது. திரும்பக் கேட்டால் 'அவுஸ்'. வீடு போய்விட்டது, விளக்கு அணைந்துவிட்டது. அவள் சரியாகத்தான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். கருவிதான் திருத்தி எழுதிவிட்டது. உச்சரிப்பைச் சரிபார்க்க வைத்த கருவி உச்சரிப்பையே மாற்றினால் அந்தக் கருவியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அளவை 0.3 சதவீதமாகக் குறைத்தேன். இப்போது தெருவில் போன ஆட்டோவும் மொழிப் பயிற்சியில் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது தொல்லைதான் என்னை முடிவெடுக்க வைத்தது. தனிச் சொற்கள் முடிந்து வாக்கியங்களுக்கு வந்தோம். புதிதாக ஒரு மொழி பழகுகிறவர் வாக்கியத்தின் நடுவே நிற்பார், யோசிப்பார். ஜெர்மனில் வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கவேண்டிய இடங்களில் நாம் எல்லாருமே நிற்போம். ஒரு வினாடி மௌனம் ஆனதும் ரெக் கடையைக் கட்டிவிட்டது. வினைச்சொல் வருவதற்குள் அவள் முன்னால் அடுத்த வாக்கியம் நின்றது. "என்னைப் பேசவே விடவில்லை மாமா" என்றாள். இடைவெளியை மூன்று வினாடி ஆக்கலாம்தான். அப்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் மூன்று வினாடி வெறும் காத்திருப்பு, 300 சொல்லுக்குப் பதினைந்து நிமிடம் வீண்.

தமிழ்ச் சொல்லை வைத்தும் சோதித்தேன். நிறுத்த நேரத்தை 0.1 வினாடிக்குக் குறைத்துவிட்டு 'பக்கம்' என்று நிதானமாகச் சொன்னேன். 'ப' மட்டும் பதிவானது. 'க்க' சொல்ல நாக்கு காற்றை அடைத்திருந்த அந்த நொடித்துளி சாக்ஸுக்கு மௌனம். இரட்டிப்பு உள்ள மொழிகளைப் பழகுகிறவர்கள் இந்த எண்ணை மிகக் கவனமாக வைக்கவேண்டும்.

ஆகவே சாக்ஸை விலக்கவில்லை, வேலையைத்தான் மாற்றினேன். பதியும்போது அது வேண்டாம். பதிந்த பிறகு கோப்பின் நகலில் கத்தியை வைக்கட்டும். மூலக் கோப்பு முழுதாக இருக்கும்வரை வெட்டு தப்பிப்போனால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். பதியும்போதே வெட்டப்பட்ட 'ஹ' எங்கே போய்க் கிடைக்கும்? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும் 'ஹைபாஸ்' மின்சார உறுமலையும் மேசை அதிர்வையும் எடுத்துவிடும். நம் ஊர் மின்சாரத்தின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே பேச்சுக்குச் சேதமில்லை. இரைச்சல் நீக்கும் விளைவு ஒன்றும் உண்டு, அதைத் தொடாதீர்கள். இரைச்சலுக்கும் 'ஃப்' ஒலிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 'ஸ்டாட்' என்ற விளைவு தரும் அட்டவணையில் உச்ச வீச்சு என்ற எண்ணை மட்டும் பாருங்கள். 1ஐத் தொட்டிருந்தால் ஒலி மேலே இடித்து உடைந்திருக்கிறது. 0.1ஐத் தாண்டவில்லை என்றால் மைக் பசியோடு இருக்கிறது. ஒலி அளவுகளை மாற்றும் அல்சாமிக்சரைத் திறந்து எஃப்4 அழுத்தினால் மைக் அளவு வரும். அங்கே 'பூஸ்ட்' என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்எஃப்எம்பெக் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கதை போதும். ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய இந்தப் பேராயுதம் பதிவு மட்டுமா செய்யும், படத்தையே மாற்றிக் கொடுக்கும். டி குறியால் நேரம், ஏஆர் குறியால் வீதம், ஏசி குறியால் தடம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. சொற்பட்டியல் கோப்பிலிருந்து வரிக்கு ஒரு சொல்லாகப் படித்துச் சுழலும் என் ஸ்கிரிப்டில் ஏரெக்கார்டை எடுத்துவிட்டு இதை வைத்தேன். முதல் சொல் சரியாக வந்தது. இரண்டாவது சொல் தலையில்லாமல் வந்தது. நான்காவது சொல்லைக் காணவே காணோம். பிறகு ஓரிடத்தில் பதிவு தொடங்கிய கையோடு முடிந்துபோனது.

பேய் ஒன்றும் இல்லை. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது, யாராவது விசைப்பலகையில் கட்டளை கொடுக்கிறார்களா என்று உள்ளீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். க்யூ எழுத்து வந்தால் 'நிறுத்து' என்று பொருள். என் சுழலில் அதற்குக் கிடைத்த உள்ளீடு விசைப்பலகை இல்லை, சொற்பட்டியல்! சொற்களின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விழுங்கியிருக்கிறது. 'பெக்வேம்' என்ற சொல்லின் நடுவே ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் க்யூ உண்டு. அதை விழுங்கியதும் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிட்டது. 'நோஸ்ட்டிஇன்' என்ற குறியைச் சேர்த்தால் இந்தப் பழக்கம் போய்விடும். ஸ்கிரிப்டுக்குள் எஃப்எஃப்எம்பெக்கை வைப்பவர்கள் மற்றக் குறிகளுக்கு முன்னால் இதை எழுதிக்கொள்ளட்டும். ஏரெக்கார்டுக்கு இந்தத் துறுதுறுப்பு கிடையாது. தானாக வந்து உள்ளீட்டில் கை வைக்காது.

எஃப்எஃப்எம்பெக்கை எடுக்க வலுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஒரே கருவி. உள்ளீட்டு வகையின் பெயர் மட்டும் மாறும். இன்னொன்று, பதிந்ததை பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மென்பொருளுக்குக் கொடுக்க நினைத்தால் எப்படியும் இதை நிறுவியிருப்பீர்கள். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் கோப்பைத் திறக்க இதைத்தான் அழைக்கிறது. அது உள்ளே எடுத்துக்கொள்வதும் 16,000 ஹெர்ட்ஸ் மோனோதான். ஆனால் அதை உச்சரிப்புக்கு நீதிபதியாக உட்காரவைக்காதீர்கள். 'ஜன்னலை' என்று கேட்டதும் அடுத்து 'திற' வரும் என்று ஊகித்து, நாம் 'அவுஸ்' என்று உளறியிருந்தாலும் 'அவுஃப்' என்று எழுதிக்கொடுத்துவிடக் கூடிய பெருந்தன்மை அதற்கு உண்டு. தவறை மறைக்கும் நண்பர் பயிற்சிக்கு ஆகமாட்டார்.

காதில் தெரியாததைக் கண்ணால் பார்க்க பிராட் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய இலவச மென்பொருள். 'அவுஃப்', 'அவுஸ்' இரண்டையும் அதில் திறந்து காட்டினேன். முதலில் வித்தியாசம் தெரியவில்லை. எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு வலுவானது என்று காட்டும் அலைமாலைப் படம் இயல்பாக 5000 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும். எல்லையை 8000 ஆக்கியதும் 'ஸ்' வந்த இடத்தில் மேலே கருமேகம் திரண்டு நின்றது. 'ஃப்' வெறும் சாம்பல் பூச்சு. அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது.

கடைசியில் ஸ்கிரிப்டில் நின்றது ஏரெக்கார்டு. 16 பிட், மோனோ, 16,000 ஹெர்ட்ஸ். தனிச் சொல்லுக்கு 4 வினாடி, வாக்கியத்துக்கு நேர எல்லை இல்லை, பேசி முடித்ததும் அவளே என்டர் தட்டி நிறுத்துவாள். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பது அவளுக்குத்தானே தெரியும். சாதனப் பெயராக வன்பொருளை எழுதாமல் 'டிஃபால்ட்' என்றே விட்டிருக்கிறேன். பைப்வயரின் அல்சா இணைப்புத் தொகுப்பு நிறுவப்பட்டிருப்பதால் அந்தப் பெயர் பைப்வயர் வழியாகவே போகிறது, வகுப்போடு சண்டை இல்லை. அந்தத் தொகுப்பு இல்லாத கணினியாக இருந்திருந்தால் யோசிக்காமல் பிடபிள்யூ-ரெக்கார்டையும் டைம்அவுட்டையும் எடுத்திருப்பேன். பிற்பாடு பிறருக்கும் பயன்படும் மாதிரிக் குரலைப் பதிகிறவர் என்றால் 16,000 வேண்டாம், 48,000இல் பதிந்து வைக்கட்டும். குறைப்பது எப்போதும் முடியும், கூட்டுவது முடியாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு அல்சா கிடையாது. சாக்ஸ் அல்லது எஃப்எஃப்எம்பெக்தான். பதிவு வெற்றிகரமாக முடிந்து, கோப்பு சரியான நீளத்தில் இருந்து, உள்ளே ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை என்றால் கட்டளை வரியைத் தரும் டெர்மினல் செயலிக்கு மைக் அனுமதி கொடுக்கவில்லை என்று பொருள். தனியுரிமை அமைப்புகளில் போய்க் கொடுக்கவேண்டும்.

இந்தத் தீர்ப்பு எங்கள் வீட்டுக் கணினியோடு சரி. போன மாதம் அவள் விடுதிக்குப் போனாள். அங்கே அவளிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி. ஏரெக்கார்டு அங்கே இல்லை, ஆகவே பதிவு வரியை மட்டும் எஃப்எஃப்எம்பெக்குக்கு மாற்றிக் கொடுத்தேன், உள்ளீட்டு வகை 'டிஷோ'. மைக்கின் பெயரைச் சாதனப் பட்டியலில் இருப்பதுபோலவே, அதன் இடைவெளிகளும் அடைப்புக்குறிகளும் மாறாமல், மேற்கோள் குறிக்குள் எழுதவேண்டும். முதல் நாள் இரவு பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது, மைக் கிடைக்கவில்லை என்று. பெயரின் கடைசியில் இருந்த ஓர் அடைப்புக்குறியை விட்டிருந்தாள்.